திரையின் அடியில் ஒரு வரி

கணினியில் எந்தச் சாளரத்தைத் திறந்தாலும், அதன் அடியில் விரற்கடை உயரம்கூட இல்லாத சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருக்கும். இருந்தது என்று சொல்வது இன்னும் சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். 'பக்கம் 3 / 12' என்றோ, '48 உருப்படிகள்' என்றோ பொடி எழுத்தில் அதில் ஏதாவது எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ஸ்டேட்டஸ் பார். தமிழில் நிலைப்பட்டை என்கிறார்கள். வருஷக்கணக்கில் கணினி முன் உட்கார்ந்தவர்களில்கூட அதை நிறுத்திப் படித்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்தப் பட்டைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு, அதிலும் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு, அது இன்றைக்கும் தேவைப்படும் சரித்திரம்.

பிரெஞ்சில் இதன் பெயர் 'பார் தெத்தா'. புதுச்சேரிக்காரர்களுக்கு 'எத்தா' புதிய சொல் அல்ல. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிகிற 'எத்தா சிவில்' என்பதில் வருவதும் அதே எத்தாதான். பெரிய எழுத்தில் தொடங்கினால் அதற்கு அரசு என்று பொருள். சிறிய எழுத்தில் தொடங்கினால் நிலைமை. (இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் எங்கள் காலத்து பிரெஞ்சு வாத்தியார்கள் அரை மதிப்பெண்ணைக் கூசாமல் குறைப்பார்கள்.) எத்தா, ஸ்டேட்டஸ் இரண்டும் லத்தீனில் 'நிற்றல்' என்ற வினையிலிருந்து வந்தவை. நம்முடைய நிலையும் 'நில்' என்பதிலிருந்துதான் வந்தது. மொழிகளுக்குள் உறவில்லை, எண்ணம் ஒன்று: இந்தப் பொருள் இப்போது எப்படி நிற்கிறது?

தட்டச்சுப் பொறிக்கு இப்படி ஒரு பட்டை தேவைப்படவில்லை. அதன் நிலை அதன் உடம்பிலேயே தெரிந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்பதை அளவுகோல் காட்டும். வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். ரிப்பன் கறுப்பிலா சிவப்பிலா என்று பக்கத்துக் குமிழைப் பார்த்தால் போதும். ஷிஃப்ட் பூட்டைப் போட்டிருந்தால் சாவி அமுங்கியே கிடக்கும். விரல் பட்டாலே தெரிந்துவிடும். பிரெஞ்சுப் பொறியில் எண்களை அடிக்கவே ஷிஃப்ட் போட வேண்டும் என்பதால், அந்தப் பூட்டு எங்கள் சுண்டுவிரலுக்கு நன்றாகப் பழக்கம்.

கணினி அப்படி இல்லை. அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் ஒரே முகம்தான், சும்மா இருந்தாலும் ஒரே முகம்தான். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆகவே ஆரம்பத்திலேயே அதற்கு விளக்குகள் வைத்தார்கள். 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளின் முகப்பில் கொலு வைத்தது போல வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள். அவற்றில் பெரும்பாலானவை பொறியாளர்களுக்கு. ஆனால் ஒரு பக்கத்தில் தனியாக ஐந்து இருந்தன: சிஸ்டம், மேனுவல், வெயிட், டெஸ்ட், லோட். 'வெயிட்' எரிந்தால் இயந்திரம் வேலையில்லாமல் எதற்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம். இயக்குபவருக்கு வேண்டியது அந்த ஒரு செய்திதான்.

1971-ல் அதே நிறுவனம் 3270 என்ற திரை முனையங்களைக் கொண்டுவந்தது. வங்கிகளிலும் விமான நிறுவனங்களிலும் வருஷக்கணக்கில் உழைத்தவை அவை. முதலில் வந்த 3277-ல் திரைக்குப் பக்கத்தில் மூன்று விளக்குகள்: கணினி கிடைக்கிறது, செருகும் முறையில் இருக்கிறாய், இப்போது தட்டச்சு செய்யாதே. அடுத்த தலைமுறையான 3278-ல் அந்த விளக்குகளைக் காணோம். அவை கண்ணாடிக்குள் இறங்கிவிட்டன! திரையின் அடியில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஒரு பெருக்கல் குறியும் பக்கத்தில் குட்டிக் கடிகாரமும் தெரிந்தால், பொறு, உன் வேலை நடக்கிறது என்று பொருள். இன்றைய நிலைப்பட்டைக்குப் பாட்டன் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த வரியில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கோட்டுக்கு மேலே உள்ள வரிகளில் நிரல்காரர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கோட்டுக்குக் கீழே அவர் கை வைக்க முடியாது. அங்கே எழுதும் உரிமை முனையத்துக்கும் அதைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கும் மட்டும்தான். மனுதாரர் தன் மனுவில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஓரத்தில் தேதி முத்திரை வைப்பது அலுவலகம் மட்டுமே என்ற நம்முடைய ஏற்பாடு போல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளக்கோ வரியோ ஏன் இவ்வளவு முக்கியம் ஆனது என்பதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1974 வாக்கில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிராவோ என்றொரு எழுத்துச் செயலி உருவானது. அதில் ஒரே சாவிக்கு இரண்டு வேலை. எழுதும் முறையில் இருந்தால் அது எழுத்து. கட்டளை முறையில் இருந்தால் அது கட்டளை. ஒருவர் எழுதும் முறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 'எடிட்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை அடிக்கிறார் என்று வையுங்கள். முதல் எழுத்து: எல்லாவற்றையும் தேர்ந்தெடு. இரண்டாவது: அழி. மூன்றாவது: இங்கே செருகு. நான்காவது எழுத்து மட்டும் வெள்ளைத் திரையில் தன்னந்தனியாக வந்து நிற்கும். ஆவணம் போயிற்று!

அதே ஆய்வகத்தில் இருந்த லாரி டெஸ்லர் இந்த 'முறை'களுக்கு ஜென்ம விரோதி. டிம் மாட் என்பவரோடு சேர்ந்து, முறைமாற்றம் இல்லாத ஜிப்ஸி என்ற செயலியை அவர் உருவாக்கினார். தன் காரின் எண் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர்; 2020-ல் காலமானார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் முறைகளை அடியோடு ஒழிக்க யாராலும் முடியவில்லை. பெரிய எழுத்துப் பூட்டு ஒரு முறை, செருகுவதா மேலெழுதுவதா என்பது ஒரு முறை, எண் பூட்டு ஒரு முறை. ஒழிக்க முடியாததை ஒளித்தாவது வைக்காதே, எழுதிப் போடு என்பது இன்னொரு கட்சி. நிலைப்பட்டை அந்தக் கட்சியின் பிள்ளை. பழைய ஈமேக்ஸ் செயலியில் அந்த அடிவரிக்குப் பெயரே 'மோட் லைன்', முறை காட்டும் வரி.

நம் ஊர் அலுவலகங்களுக்குக் கணினி வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். குளிர்சாதன அறை, கதவுக்கு வெளியே செருப்பு, உள்ளே பச்சை எழுத்துத் திரை. அப்போது வந்தவை மூன்று: கடிதத்துக்கு வேர்ட்ஸ்டார், கணக்குக்கு லோட்டஸ் 1-2-3, பட்டியலுக்கு டிபேஸ்.

வேர்ட்ஸ்டாரில் நிலைவரி அடியில் இல்லை, உச்சியில் இருந்தது. கோப்பின் பெயர், பக்கம், வரி, பத்தி எண், 'இன்சர்ட் ஆன்'. அவ்வளவுதான். லோட்டஸில் வலது மேல் மூலையில் ஒரு சொல் நிற்கும். 'ரெடி' என்றால் நாம் எழுதலாம். 'வெயிட்' என்று மின்னினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கீழே சில சமயம் 'கால்க்' என்று வரும்: எண்ணை மாற்றிவிட்டாய், கூட்டல் இன்னும் பழையதாகவே இருக்கிறது, மறுபடி கணக்கிடச் சொல் என்று எச்சரிக்கை. இதைப் பார்க்காமல் அச்செடுத்தால் கூட்டுத்தொகை தப்பாகப் போய்த் தணிக்கைக்காரர் கையில் நிற்கும். அந்த நாலெழுத்து எத்தனை பேருடைய ஊதிய உயர்வைக் காப்பாற்றியதோ!

என் ஓட்டு டிபேஸ் மூன்று பிளஸுக்கு. அதில்தான் அடியில் ஒரு உண்மையான பட்டை, எழுத்தும் பின்புலமும் தலைகீழாகிப் பளிச்சென்று இருக்கும். எந்தத் தட்டு, எந்தக் கோப்பு, மொத்தம் எத்தனை பதிவு, அதில் நீ எத்தனையாவதில் நிற்கிறாய். நீக்குவதற்குக் குறியிட்ட பதிவில் நின்றால் வலது பக்கத்தில் 'டெல்' என்று காட்டும். அந்த மென்பொருளில் நீக்கம் இரண்டு படி. முதலில் குறியிடுவது, அந்தப் பதிவு கோப்பிலேயே இருக்கும், 'ரீகால்' சொன்னால் மீண்டும் வரும். பிறகு 'பேக்' என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும், போனால் திரும்பாது.

எங்கள் பிரிவில் ஊதியப் பட்டியல் ஒன்றில் இடமாற்றலாகிப் போனவர்களின் பதிவுகளை நீக்க வேண்டியிருந்தது. தரவு பதிகிற அம்மாள் ஒருவர், வயதில் எங்கள் எல்லோருக்கும் இளையவர், 'பேக்' கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பதிவாகப் போய் அடிப்பட்டையைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தார். எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல், சாப்பாட்டு நேரம். பத்து நிமிஷத்தில், "சார், இவர் மாற்றலாகலியே, இங்கதானே இருக்காரு?" என்றார். ஒரே பெயர், வேறு இனிஷியல். அந்த இரவுக் காவலாளியின் அடுத்த மாதச் சம்பளம் 'டெல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. 'ரீகால்' கொடுத்தார்கள், முடிந்தது. அந்தக் காவலாளிக்கு இது தெரியவே தெரியாது.

சிக்கனத்தில் எல்லோரையும் மிஞ்சியது வேர்ட்பெர்ஃபெக்ட். அதன் 5.1 பதிப்பு 1989-ல் வந்தது. திறந்தால் கிட்டத்தட்ட வெற்றுத்திரை. வலது கீழ் மூலையில் ஒரே வரி: ஆவணம் 1, பக்கம் 1, வரி, இடம். அந்த 'இடம்' என்பதற்கான மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தில்தான் சூட்சுமம். பெரிய எழுத்துப் பூட்டைப் போட்டால் அந்த மூன்றெழுத்தும் பெரிதாகும். எண் பூட்டைப் போட்டால் அது மின்னும். தடித்த எழுத்தில் இருந்தால் பக்கத்து எண்ணே தடிக்கும். ஒரு சொல்லுக்குள் இத்தனை சேதியை அடக்கினவருக்குக் கை குலுக்கத் தோன்றுகிறது.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபின் அடிப்பட்டை எல்லாச் சாளரத்துக்கும் பொதுச் சொத்தானது. கோப்புறையைத் திறந்தால் எத்தனை உருப்படி, தட்டில் எவ்வளவு இடம் மீதி என்று கீழே இருக்கும். வேர்ட் செயலியில் ஆங்கிலப் பதிப்பு 'ஓ.வி.ஆர்.' என்று காட்டிய மேலெழுதும் முறையைப் பிரெஞ்சுப் பதிப்பு 'ஆர்.எஃப்.பி.' என்று காட்டியது. 'ரெஃப்ராப்' என்பதன் சுருக்கம், அதாவது மேலேயே மறுபடி அடித்தல். தட்டச்சுக்காரன் காதுக்கு இது ஆங்கிலத்தைவிடத் தெளிவு. எக்செலில் சில கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் கூட்டுத்தொகை தானாகவே அடியில் வந்து நிற்கும் வசதி அந்த வருஷங்களில்தான் வந்தது. குமாஸ்தாக்களுக்கு மென்பொருள்காரர்கள் தந்த ஆகச்சிறந்த பரிசு அது என்பது என் கட்சி. பணிப்பட்டையின் மூலையில் 'இ.என்.', 'எஃப்.ஆர்.', 'டி.ஏ.' என்று மொழியைக் காட்டும் இரண்டெழுத்தும் இதே குடும்பம்தான். மூன்று மொழியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அந்த இரண்டெழுத்து இல்லாவிட்டால் ஒரு வரி முழுக்கக் குப்பை.

இந்தப் பட்டையின் குணமே அது நம்மை நிறுத்தாது என்பதுதான். நடுத்திரையில் குதித்து வந்து 'சரி' என்று அழுத்தினால்தான் விடுவேன் என்று அடம்பிடிக்கும் செய்திப்பெட்டி வேறு ஜாதி. அது அதிகாரியின் அறைக்குள் கூப்பிடாமல் நுழைவது போல. நிலைப்பட்டை வராந்தாவில் நிற்கும் சேவகர்: கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் பேசாமல் நிற்பார். அதனாலேயே உயிர் போகிற சேதியை அங்கே எழுதி வைக்கக் கூடாது, பலர் கவனிக்க மாட்டார்கள் என்று மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டுக் குறிப்புகளே சொல்கின்றன.

காத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985-ல் பிராட் மையர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை இருந்தால் மக்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று சோதனை செய்து எழுதினார். சோதனை எதற்கு? எந்த அரசு அலுவலக ஜன்னலிலும் ஒரு காலை வேளை நின்றிருந்தால் போதும். "என் ஃபைல் எங்கே இருக்கு சார்?" என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. "ப்ராசஸ்ல இருக்கு" என்பது நம் ஆட்களின் பதில். மணற்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது போல. மூவ்மென்ட் ரிஜிஸ்டரைத் திறந்து, எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து என்று சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வேலை ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது, ஆனாலும் போவார்.

ஆனால் நிலை என்று எழுதியிருப்பது நிலையாகவே இருக்க வேண்டும். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தது திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு, மூடச் சொல்லிச் சமிக்ஞை போயிற்று என்பதை மட்டுமே காட்டியது. வால்வைப் பார்த்து அது பேசவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் உட்பகுதியில் ஒரு பங்கு உருகிவிட்டது. உத்தரவு அனுப்பியாயிற்று என்பதும் வேலை முடிந்தது என்பதும் வேறு வேறு என்று அரசாங்க ஊழியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி இணையத்துக்கு வருகிறேன். 1994-ல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவியின் அடிப்பட்டையில் இடது மூலையில் ஒரு சாவிப் படம் இருக்கும். சாவி முழுதாக இருந்தால் தகவல் பூட்டிப் போகிறது. உடைந்திருந்தால் திறந்த தபால் அட்டை மாதிரிப் போகிறது. பின்னால் சாவி போய்ப் பூட்டு வந்தது. அதே பட்டையில், ஒரு இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால், அழுத்தாமலேயே அது எங்கே கொண்டுபோகும் என்ற முகவரி தெரியும். என் கணக்கில் நிலைப்பட்டை செய்த சேவைகளிலேயே பெரியது இதுதான். வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஊர்ப் பலகையைப் படிக்கலாம்.

அதைக் கெடுத்தவர்களும் அதே வீட்டுக்காரர்கள். 1995-ன் கடைசியில் அறிமுகமான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், அடிப்பட்டையில் என்ன தெரிய வேண்டும் என்பதை இணையப் பக்கமே எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். முதலில் விளையாட்டாக 'நல்வரவு' என்ற வாசகம் வலமிருந்து இடமாக ஓடியது. பிறகு திருடர்களுக்கு மூளை வேலை செய்தது. கீழே வங்கியின் முகவரியைக் காட்டிவிட்டு, அழுத்தினால் தன் பொறிக்குள் கொண்டுபோகும் பக்கங்கள் வந்தன. நான் முன்பே சொன்ன கோடு நினைவிருக்கிறதா? 3278-ல் கோட்டுக்குக் கீழே யாரும் கை வைக்க முடியாது. இங்கே தேதி முத்திரையைத் தூக்கி மனுதாரர் கையில் கொடுத்துவிட்டார்கள்! 2000களில் உலாவிகள் ஒவ்வொன்றாக அந்த உரிமையைத் திரும்பப் பறித்தன.

பிறகு பட்டையே போயிற்று. 2008 செப்டம்பரில் வந்த குரோமில் நிரந்தர அடிப்பட்டை கிடையாது; சுட்டியை இணைப்பின் மேல் வைத்தால் இடது மூலையில் ஒரு சிறு சீட்டு எட்டிப் பார்த்துவிட்டு மறையும். 2011 மார்ச்சில் பயர்ஃபாக்ஸ் 4 அதே வழியில் போனது. திரையில் இடம் மிச்சம், பார்க்க அழகு என்றார்கள். கைப்பேசியில் சுட்டியே இல்லை, விரல்தான். விரல் பட்டால் போயே விட்டோம்.

வாழ்வுச் சான்று புதுப்பிக்கவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும், உடனே இங்கே அழுத்துங்கள் என்று போலிச் செய்திகள் வருகிற காலம் இது. நீல எழுத்தில் 'ஓய்வூதியத் துறை' என்று இருக்கலாம்; அது கோட்டுக்கு மேலே இருக்கிற எழுத்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகவரியைப் பாருங்கள். மேசைக் கணினியில் என்றால் சுட்டியை வைத்துவிட்டு இடது கீழ் மூலைக்குக் கண்ணைக் கொண்டு போங்கள். கைப்பேசி உலாவியிலும் மின்னஞ்சலிலும் இணைப்பைத் தட்டாமல், விரலை அதன் மேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முகவரி மேலெழும். இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் நடுவில் இருப்பதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். அங்கே முடிவில் 'புள்ளி ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று, முதல் புள்ளியும் சேர்ந்து இருந்தால் அரசுத் தளம். அந்தச் சொற்கள் முன்னாலோ நடுவிலோ வந்து, முடிவில் வேறு ஏதோ இருந்தால் அரசுத் தளம் அல்ல. சுருக்கிய முகவரியாக இருந்தால் எங்கே போகும் என்று அதிலிருந்து தெரியாது; அதைத் தொடாமல், துறையின் முகவரியை நாமே ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் போகலாம். தட்டச்சு நமக்குத் தெரியாததா?